உப்பளத்தருகே ஒரு சாம்பல் சத்துக் கணக்கு

சில கலைச்சொற்கள், அவற்றை ஆக்கியவர் யார் என்று தெரியாமலே, மொழிக்குள் இயல்பாக வந்து அமர்ந்துவிடுகின்றன. ‘ஊறுகாய்ப்புல்’ அப்படி ஒரு சொல். சைலேஜ் என்பதற்கு வேளாண் துண்டறிக்கைகள் நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர் இது. பசுமையாக அறுத்த சோளத்தையோ மக்காச்சோளத்தையோ துண்டுதுண்டாக நறுக்கி, குழியில் இட்டு, காற்றுப் புகாதபடி மிதித்து இறுக்கி மூடிவிட வேண்டும். தண்டிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் புளிப்பாக மாற்றும். அந்தப் புளிப்பே தீவனத்தைக் கெடாமல் காக்கும். அடுக்குக்கு அடுக்கு வெல்லக் கரைசலும் உப்பும் தெளிக்கச் சொல்வதும் உண்டு. நூறு பங்கு தீவனத்திற்கு இரண்டு பங்கு வெல்லம், ஒரு பங்கு உப்பு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மாங்காய்க்கு நம் வீடுகளில் என்ன நடக்கிறதோ ஏறக்குறைய அதுவே மாட்டுத் தீவனத்திற்கும் நடக்கிறது. பெயர் வைத்தவர் சமையலறையை அறிந்தவராக இருந்திருக்க வேண்டும்.

இந்தச் சொல் எங்கள் வீட்டுப் பேச்சில் நுழைந்ததற்குக் காரணம் உண்டு. மரக்காணத்திலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில், உப்பளங்கள் கண்ணிலிருந்து மறைவதற்குள் வந்துவிடும் தொலைவில், எங்களுக்கு மூன்று ஏக்கர் கொல்லை இருக்கிறது. ‘நாங்கள்’ என்று இங்கே சொல்வது உடன்பிறந்தோர் மூவரை. பிழைப்பின் பொருட்டு மூவரும் வெளியூரில் இருக்கிறோம். பயிர் வைப்பவர் சித்தப்பா. மேலே மணலும் கீழே கொஞ்சம் களியுமான அந்த மண்ணில் மல்லாட்டை போட்டிருக்கிறோம், சவுக்கு வைத்திருக்கிறோம், ஒன்றிரண்டு கோடைகளில் தர்ப்பூசணியும் விளைந்திருக்கிறது. அங்கே தீவன வணிகர் ஒருவர் வந்து, மூன்று ஏக்கரிலும் தீவன மக்காச்சோளம் போடுமாறும், நின்ற நிலையிலேயே முழுவதையும் தாமே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். கதிர் முற்றும்வரை காத்திருக்க வேண்டாம். ஆள்கூலி இல்லை, களத்துமேட்டு வேலை இல்லை. தொண்ணூறு நாளைக்குள் ஒரு போகம். தண்ணீர் இருந்தால் ஆண்டுக்கு மூன்று.

“நீங்க ஒண்ணும் செய்ய வேணாங்க. மிஷின் வந்து அறுத்துக்கும். கொல்லை தொடச்ச மாதிரி ஆயிடும்” என்றாராம்.

சித்தப்பா இதைத் தொலைபேசியில் சொன்னபோது விலையைப் பற்றிக்கூட அவ்வளவாகப் பேசவில்லை. “தொடச்ச மாதிரின்னு சொல்றான்பா, அதான் யோசனையா இருக்கு” என்றார். வணிகர் நிறையாகச் சொன்ன சொல் அவருக்குக் குறையாகக் கேட்டிருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாங்கள் சில வாரங்கள் கணக்குப் போட்டோம். அதன் சுருக்கம்தான் இக்கட்டுரை.

உரத்தின் மூன்று முதன்மைச் சத்துகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களைக் கவனியுங்கள்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. முறையே நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம். வெறும் மொழிபெயர்ப்புகள் அல்ல இவை; ஒவ்வொன்றும் பயிரின் எந்தப் பகுதியோடு உறவுடையது என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. பயிர் முற்றும்போது பாஸ்பரஸில் பெரும்பங்கு மணிக்குள் சென்று சேர்கிறது. பொட்டாசியமோ தண்டிலும் இலையிலும் தங்கிவிடுகிறது. அவற்றை எரித்தால் சாம்பலில் கிடைக்கிறது. ஐரோப்பியரும் மரச் சாம்பலைக் கரைத்துச் சட்டியில் காய்ச்சியே அதை எடுத்தனர். ‘பொட்டாஷ்’ என்ற சொல்லுக்கே சட்டிச் சாம்பல் என்றுதான் பொருள். அதிலிருந்து ஹம்ப்ரி டேவி 1807-ல் தனிமத்தைப் பிரித்தபோது பெயரும் சட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்து பொட்டாசியம் ஆயிற்று. நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலை அள்ளி வாழைக்கும் தென்னைக்கும் போட்டபோது போட்டதும் இதே சத்துதான்.

ஆக, மணிக்காக விளைவிக்கும் உழவில் ஒரு பங்கீடு தானாகவே நடந்துவந்தது. மணி வீட்டிற்கும் சந்தைக்கும் போயிற்று. சாம்பலாகக்கூடியது ஊரிலேயே நின்றது. ஊறுகாய்ப்புல்லுக்காக அறுக்கும்போது இந்தப் பங்கீடு இல்லாமல் போகிறது. தழை, மணி, சாம்பல் மூன்றும் ஒரே வண்டியில் ஏறுகின்றன.

எவ்வளவு ஏறுகிறது? மண்ணுக்கும் இரகத்திற்கும் ஏற்ப மாறக்கூடிய தோராய அளவுகள் இவை. மூன்றில் ஒரு பங்கு உலர்பொருள் உள்ள பருவத்தில் அறுத்த ஒரு டன் மக்காச்சோளத் தீவனத்தில் சுமார் 4 கிலோ தழைச்சத்து, ஒன்றரை கிலோ மணிச்சத்து, 4 கிலோ சாம்பல் சத்து இருக்கும். எக்டேருக்கு 40 டன் என்றால் ஏக்கருக்கு 16 டன். ஒரு போகத்தில் ஒரு ஏக்கரிலிருந்து வெளியேறும் சாம்பல் சத்து ஏறத்தாழ 64 கிலோ. கடையில் விற்கும் மியூரேட் ஆஃப் பொட்டாஷில் நூற்றுக்கு அறுபது பங்கு சத்து என்பதால், 50 கிலோ மூட்டை இரண்டுக்குச் சற்று மேல்.

இதே மக்காச்சோளத்தை முற்றவிட்டு, ஏக்கருக்கு இரண்டரை டன் மணியை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டையை நிலத்திலேயே விட்டால், போகும் சாம்பல் சத்து 10 கிலோ அளவில்தான் இருக்கும். மூட்டைக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு. மணிச்சத்தில் இவ்வளவு வேறுபாடு இல்லை. மணியோடு 16 கிலோ அளவில் போனால், முழுச்செடியோடு 24 கிலோ. சாம்பல் சத்தில்தான் ஆறு மடங்கு. வணிகர் சொன்னதுபோல ஆண்டுக்கு மூன்று போகம் எடுத்தால் ஏக்கருக்கு ஆறு மூட்டைக்கு மேல் பொட்டாஷ் சாலை ஏறிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பயிர் நின்றபடியே காயும்போது, பெய்யும் மழையும் பனியும் தண்டிலும் இலையிலும் உள்ள பொட்டாசியத்தைக் கழுவி மண்ணில் இறக்கிவிடுகின்றன. அது செடியின் எந்தக் கட்டமைப்போடும் பிணைந்ததன்று. சாற்றில் கரைந்து நிற்பது. ஆகவே காய்ந்த தட்டையைப் பிடுங்கிச் சென்றாலும் நிலத்திற்கு ஒரு பங்கு முன்பே திரும்பியிருக்கும். பசுமையாக அறுக்கும்போது அந்தப் பங்குக்கும் வழியில்லை. ஊறுகாய் போடுவதன் நோக்கமே எதுவும் வீணாகாமல் காப்பதல்லவா! குழியில் காக்கப்படுவது மாட்டுக்குக் கிடைக்கும், நிலத்திற்குக் கிடைக்காது.

எங்கள் கொல்லைக்குப் போகும் சாலை பழைய சாலை. சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் ஓய்மாநாடு இந்தப் பகுதிதான். அந்நூல் சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று கருதும் அறிஞர் உண்டு. பாணர் கடற்கரைப் பட்டினத்தில் தொடங்கி, முல்லை நிலத்து வேலூரும் மருத நிலத்து ஆமூரும் கடந்து சேரும் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தோடு கலந்துவிட்டது. நெய்தலிலிருந்து உள்நாட்டிற்குச் செல்லும் வழிகளில் சங்கப் பாடல்கள் பலமுறை காட்டும் காட்சி, உமணரின் உப்பு வண்டி. உப்பைக் கொடுத்து அவர்கள் மாற்றாகப் பெற்றது நெல்.

அந்தப் பண்டமாற்றை இத்தனை நாளாக இலக்கியக் காட்சியாகவே கண்டிருந்தோம். கணக்கோடு பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. நெற்பயிரின் பொட்டாசியத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில் இருக்கிறது. உமணர் ஏற்றிச் சென்றது நெல்லை. வைக்கோல் மருத நிலத்து மாட்டிற்கும், மாட்டின் வழியாக எருக்குழிக்கும், எருக்குழியிலிருந்து வயலுக்கும் போயிருக்கும். கடல் கொடுத்த உப்பு உள்ளே போயிற்று. வயல் தன்னில் சிறு பங்கையே வெளியே அனுப்பிற்று. இரண்டாயிரம் ஆண்டுகள் தாங்கக்கூடிய வாணிபம் அது. இப்போது கேட்கப்படுவது வைக்கோலையும் சேர்த்து.

உப்பளமும் கொல்லையும் அடுத்தடுத்து இருக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு ‘வாருதல்’ என்ற வினை உப்போடுதான் முதலில் நினைவுக்கு வரும். பாத்தியில் படிந்த உப்பைப் பலகையால் வாரிக் கரையில் குவிப்பார்கள். வாரிய பாத்தியில் மறுபடி நீர் பாய்ச்சினால் மறுபடி உப்பு. மழைக்காலம் பாத்திகளை அழித்துப்போடும்; 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடானது. ஆனாலும் தை பிறந்து வெயில் ஏறினால் வேலை திரும்பத் தொடங்கிவிடும். கடலும் கழிமுகமும் நிலத்தடி உவர்நீரும் உள்ளவரை அளம் வற்றுவதில்லை. எவ்வளவு துடைத்து எடுத்தாலும் குறையாத வெள்ளாமை உலகில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கொல்லையில் அப்படி வாரக்கூடாது. அதன் பின்னால் கடல் இல்லை. மண்ணிலுள்ள களித் துகள்களே பொட்டாசியத்தைப் பிடித்து வைத்திருந்து பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுபவை. மணலுக்கு அந்தப் பிடி குறைவு. எங்கள் மண் போன்ற கடலோர மணற்பாங்கில் கையிருப்பும் சிறிது. இட்ட உரமும் ஒரு பெருமழையில் வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

2015-ல் நடுவண் அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தை எல்லோரும் அறிவர். தமிழக மண் ஆய்வகங்களின் வழக்கப்படி, எக்டேருக்கு 118 கிலோவுக்குக் கீழே கிடைக்கத்தக்க பொட்டாசியம் இருந்தால் ‘குறைவு’, 280 கிலோவுக்கு மேல் இருந்தால் ‘அதிகம்’. அட்டையில் ‘அதிகம்’ என்று கண்டவர் அந்தச் சத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆனால் 40 டன் தீவனத்தோடு போகும் 160 கிலோ சாம்பல் சத்தைத் தனிமக் கணக்கிற்கு மாற்றினால் 130 கிலோவுக்குச் சற்று மேல் வருகிறது. ‘அதிகம்’ என்ற கோட்டில் நிற்கும் நிலத்தின் கையிருப்பு, ஏட்டளவில், இரண்டு அறுப்புக்கே சரி. களியின் ஆழத்திலிருந்து கொஞ்சம் வெளிப்படும், பாசன நீரில் கொஞ்சம் வரும் என்பதால் உண்மையில் அவ்வளவு விரைவாகத் தீர்ந்துவிடாது. ஆயினும் மூன்று ஆண்டுக்கொருமுறை பார்க்கும் அட்டையை நம்பி ஆண்டுக்கு மூன்று முறை துடைத்தெடுக்க இயலாது என்பது தெளிவு.

இந்தக் கரைக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். சாம்பல் சத்துக் குறைந்தால் மக்காச்சோளத்தின் முதிர்ந்த இலைகள் ஓரத்திலிருந்து கருகும். மண்ணில் உப்பு ஏறினாலும் இலையோரம் கருகும். உப்பளத்திற்கு அருகில் இருப்பவர் கருகல் ஓரத்தைக் கண்டால், “உப்பு ஏறிடுச்சு” என்று கூறிவிட்டு நகர்ந்துவிடுவார். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவையும்கூட. மண்ணீரில் சோடியம் மிகுந்தால் வேர் பொட்டாசியத்தை எடுப்பது தடைப்படும். செடிக்குள் பொட்டாசியம் குறைந்தால் சோடியத்தைத் தாங்கும் வலுவும் குறையும். ஆகவே, கடலோரத்தில் சாம்பல் சத்தை இழந்த நிலம் உள்நாட்டு நிலத்தைவிட இருமடங்கு எளிதில் நோகும். ஈடு செய்யப் போடும் மியூரேட் ஆஃப் பொட்டாஷோ பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்பே. குளோரைடு ஏற்கெனவே மிகுந்த மண்ணில் மேலும் குளோரைடைச் சேர்க்கும். அத்தகைய இடங்களில் பொட்டாசியம் சல்பேட் ஏற்றது என்பார்கள். அது விலை கூடியது.

விலைக்கு வருவோம். யூரியாவின் விலையை அரசு தாழ்வாக நிலைநிறுத்தி வைத்திருக்கிறது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் அளவில். பொட்டாஷுக்கு அந்தக் காப்பு இல்லை. 2010-ல் சத்து அடிப்படையிலான மானிய முறை வந்தபோது மூட்டை 225 ரூபாய்க்குள் கிடைத்த பொட்டாஷ், 2022-ல் 1,700 ரூபாயைத் தொட்டது. இந்தியாவில் வணிக அளவில் பொட்டாஷ் எடுக்கும் சுரங்கம் இல்லை. கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல் போன்ற நாடுகளிலிருந்து வருவதே எல்லாம். கருங்கடல் பக்கம் போர் மூண்டால் திண்டிவனம் உரக்கடையில் விலைப்பலகை மாறுகிறது. விளைவு என்னவென்றால், தீவனப்பயிர் வைப்பவர் ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் யூரியாவைத் தூவுகிறார். பயிர் கருகருவென்று எழுந்து வருகிறது. தழைச்சத்து நிரம்ப நிரம்ப, மண்ணிலுள்ள சாம்பல் சத்தை அது இன்னும் விரைவாக உறிஞ்சுகிறது. பச்சை நிறம் நிலத்தின் நலத்திற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. கையிருப்பைக் கரைத்துச் செலவழிப்பவரின் வீட்டிலும் கொஞ்ச காலம் விருந்து சிறப்பாகத்தான் நடக்கும்.

2022-ன் அந்த விலையைக் கொண்டு நாங்கள் கணக்கிட்டபோது, வெளியேறும் ஒவ்வொரு டன் தீவனத்திலும் சாம்பல் சத்து மட்டும் 225 ரூபாய்க்கு மேல் வந்தது. வணிகர் சொன்ன விலையில் அது தனியாக எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவர்மீது குற்றமில்லை. விற்பவரும் அதை எழுதும் வழக்கமில்லை.

பொட்டாஷ் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனபோதுதான் எங்கள் ஊரே ஒரு முரணாகத் தெரிந்தது. கடல்நீர் ஒரு லிட்டரில் உப்புகள் மொத்தம் 35 கிராம். அதில் பொட்டாசியம் அரை கிராமுக்கும் குறைவு. பாத்தியில் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் பிரியும், பிறகு நாம் உண்ணும் உப்புப் படியும். அதை வாரியபின் எஞ்சும் அடர்ந்த கசப்பு நீரில் மக்னீசியமும் பொட்டாசியமும் புரோமினும் செறிந்திருக்கின்றன. சிறு அளங்களில் நாங்கள் பார்த்தவரை அந்நீரை வடிகாலில் திறந்துவிடுகிறார்கள். வரப்புக்கு இந்தப் பக்கம் கொல்லை சாம்பல் சத்தின்றி இளைக்கிறது; அந்தப் பக்கம் அதே சத்து வாய்க்காலில் ஓடிக் கழிமுகம் சேர்கிறது.

அப்படியே அந்நீரை எடுத்து வயலில் பாய்ச்ச முடியாது. அதிலுள்ள மக்னீசியம் குளோரைடும் சோடியமும் பயிரைக் கொன்றுவிடும். பிரித்தெடுக்கத்தான் வேண்டும். குஜராத்தின் பாவ்நகரில் 1954 முதல் இயங்கிவரும் நடுவண் உப்பு, கடல்சார் வேதியியல் ஆய்வு நிறுவனம், இந்தக் கசப்பு நீரிலிருந்து பொட்டாசியம் சல்பேட் எடுக்கும் முறைகளை வகுத்திருக்கிறது. சாக்கடலின் இரு கரைகளிலும் ஜோர்டானும் இஸ்ரேலும் பொட்டாஷ் எடுப்பதும் பாத்தி கட்டித்தான். அங்கே முதல் பாத்திகளில் படியும் சாதாரண உப்பு வேண்டாத பொருள். அதைக் கழித்த பிறகு படியும் கார்னலைட்டுக்காகவே காத்திருக்கிறார்கள். அவர்கள் ஒதுக்குவதை நாம் வாருகிறோம். அவர்கள் வாருவதை நாம் ஒதுக்கிவிட்டு, அவர்களிடமே விலைக்கு வாங்குகிறோம். சிறு அளத்துக்காரர் ஒருவர் தனியே செய்யக்கூடிய வேலையன்று அது. பல அளங்களின் நீரை ஓரிடத்தில் சேர்க்கும் ஏற்பாடு வேண்டும். அது வரும்வரை எங்கள் கொல்லை வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

ஊறுகாய்ப்புல்லை உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவர் பிரான்சின் ஆகுஸ்ட் கோஃபார். சோலோஞ் என்னும் மணற்பாங்கான, வளங்குன்றிய பகுதியில் பண்ணை வைத்திருந்தவர். பசும் மக்காச்சோளத்தைக் குழியிலிட்டுக் காக்கும் முறையை 1877-ல் நூலாக எழுதினார். அவருக்கு முப்பத்தேழு ஆண்டு முன்னதாக, 1840-ல், ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக், பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் கனிமச் சத்துகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டிருந்தார். எடுத்ததைத் திருப்பித் தராத உழவைக் கொள்ளை என்றே அவர் பின்னாளில் கண்டித்தார். இருவரையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்கிறோம். கோஃபாரின் குழி அவர் பண்ணையிலேயே இருந்தது, மாடும் அங்கேயே. குழியிலிருந்து தொழுவம், தொழுவத்திலிருந்து நிலம் என்று எல்லாம் நடந்துபோகும் தொலைவு. லீபிக்கிற்கு அவர் கடன்படவில்லை. இன்று அந்தப் புல்லை இயந்திரம் உருட்டிக் கட்டி, நெகிழியால் சுற்றி, லாரியில் ஏற்றி, வேறொரு மாவட்டத்துப் பால்பண்ணைக்குக் கொண்டுபோகிறது. சத்து போகும் அளவு மாறவில்லை. திரும்பிவரும் வழி அடைபட்டுவிட்டது.

இதை மல்லாட்டையை வைத்துச் சித்தப்பா எங்களைவிட எளிதாக விளக்கினார். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.எம்.வி. இரகங்களை இந்தப் பக்கம் தலைமுறையாகப் பயிரிட்டிருக்கிறார்கள். மல்லாட்டையை வேரோடு பிடுங்குகிறோம். நிலத்தில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதுவும் துடைத்த கொல்லைதான். ஆனால் காய் ஆய்ந்த பிறகு கொடி வீட்டு மாட்டுக்குப் போகும், மாட்டிலிருந்து குப்பைக்கு, குப்பையிலிருந்து கொல்லைக்கு. “கொடி ஊர விட்டுப் போனதில்லையே” என்றார். முழுச்செடியை எடுப்பது தவறன்று. எடுத்தது எங்கே போய் நிற்கிறது என்பதே கேள்வி.

மாடு சாம்பல் சத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. பாலில் சிறிது போகும். தின்றதில் பெரும்பகுதி வெளியேறிவிடும்; அதிலும் சாணத்தைவிடச் சிறுநீரில்தான் மிகுதி. இதனால் ஒரு செய்தி விளங்குகிறது. தொழுவத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுச் சாணத்தை மட்டும் அள்ளி எருவாக்கினால், சாம்பல் சத்தின் பெரும்பங்கு சாக்கடையில் போய்விட்டிருக்கும். பழைய கொட்டில்களில் மண்ணைப் பரப்பி, மூத்திரம் ஊறிய அம்மண்ணை வாரிக் குப்பையில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. கோடையில் ஆட்டுக்கிடை, மாட்டுக்கிடை போடுவது இன்னும் நேரானது. இரவெல்லாம் மந்தை நிலத்திலேயே படுத்திருக்கும். இடையில் வண்டியும் இல்லை, குழியும் இல்லை. கிடைக்கு நெல்லும் காசும் கொடுத்து ஆட்களை அழைத்த முன்னோர் பொட்டாசியம் என்ற பெயரை அறிந்திருக்கமாட்டார்கள். கணக்கை அறிந்திருந்தார்கள்.

ஒரு டன் நல்ல தொழு எருவில் ஏறத்தாழ 5 கிலோ சாம்பல் சத்து இருக்கலாம். ஏக்கரிலிருந்து போகும் 64 கிலோவை எருவாகவே ஈடுசெய்ய 12, 13 டன் வேண்டும். 16 டன் தீவனத்தை ஏற்றிச் செல்லும் வண்டிகள் மறுமுறை வரும்போது வெறுமையாக வராமல் எருவோடு வந்தால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். எங்களுக்கு இது தெரிந்தபோது வியப்பாக இருந்தது. இத்தனை பக்கங்கள் கணக்கெழுதிக் கடைசியில் வந்து நின்ற இடம், உமணர் வண்டி: போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

ஆகவே வணிகரிடம் மறுப்பும் சொல்லவில்லை, அவர் கேட்டபடி ஒப்பவும் இல்லை. பணம் எங்களுக்கும் வேண்டியிருக்கிறது. சித்தப்பாவுக்கு அறுபது கடந்துவிட்டது, களையெடுக்கவும் காய் ஆயவும் ஆள் கிடைப்பதில்லை. சொன்னது இதுதான். மூன்று ஏக்கரில் ஆண்டுக்கு ஓர் ஏக்கர், ஒரு போகம் மட்டும். இயந்திரம் தரையை ஒட்டி அறுக்காமல் முக்கால் அடி விட்டு அறுக்க வேண்டும். தடித்த அடித்தண்டில் நிற்கும் சாம்பல் சத்து நிலத்திலேயே மட்கட்டும், மாட்டுக்கும் அது சுவையான பகுதியன்று. அறுத்த கையோடு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவோம். உவரைத் தாங்கி வளரக்கூடியது அது. டன்னுக்கு இவ்வளவு என்ற விலையோடு, பண்ணையிலிருந்து எரு அல்லது அதற்கு ஈடான பொட்டாஷ் விலை. மண்ணை அறுப்புக்கு முன்னும் பின்னும் ஆய்வுக்குக் கொடுத்துப் பார்ப்போம். அட்டை வரும்வரை காத்திருப்பதில்லை. உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு மூன்று தவணையாகப் பிரித்திடுவோம். மணலில் ஒழுகுவதும் குறையும், பயிர் தேவைக்கு மேல் உறிஞ்சிக்கொண்டு போவதும் குறையும்.

வணிகர் பொறுமையாகவே கேட்டுக்கொண்டார். அறுப்பின் உயரத்தைப் பற்றி அவருக்கு மறுப்பில்லை. எருவைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லையாம். டீசல் செலவு யாருடையது என்பதில் பேச்சு நின்றிருக்கிறது. பண்ணைக்காரருக்கு எருவை அப்புறப்படுத்துவதே தொல்லையாக இருக்கிறது என்றும் அவர் வாயிலிருந்தே வந்தது. அங்கே மிகுந்து நாறுவதும் இங்கே குறைந்து கருகுவதும் ஒரே பொருள் என்பதை அவருக்கும் விளக்கியிருக்கிறோம்.

ஆடி பிறப்பதற்குள் முடிவு தெரியும். அதற்கு முன்பாக, தீவனத்தை விற்று எருவைத் திரும்பப் பெறும் ஏற்பாடு தங்கள் ஊரில் எங்காவது நடைமுறையில் இருப்பதாக அறிந்த நண்பர்கள் சொன்னால் நலம். சித்தப்பா மண் மாதிரியை எடுத்து நிழலில் உலர்த்தி வைத்திருக்கிறார்.